மணிக்கட்டில் ஒரு சதுரம்

கல்லூரியில் முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். ஐம்பத்திரண்டு வயது, நரைத்த தலை, தோளில் கைப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி. டீச்சர் வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லையே. "உக்காருங்க, உக்காருங்க" என்று கையமர்த்திவிட்டு நேரே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால்தான் எல்லார் முதுகும் தெரியும். பஸ்ஸிலும் அவள் எப்போதும் பின்படி வழியாகத்தான் ஏறுவாள்.

இருபத்தாறு வருஷம் டிக்கெட் செக்கர் வேலை. செக்கர் அக்கா என்றால் டிப்போவில் தெரியாத ஆள் கிடையாது. ஏறி ஒரு பார்வை பார்த்தால் போதும், டிக்கெட் எடுக்காதவன் யாரென்று தெரிந்துவிடும். திடீரென்று தூங்குகிறவன், செருப்பு வாரைச் சரிசெய்கிறவன், இல்லாத பாக்கெட்டில் கைவிட்டுத் தேடுகிறவன், எல்லாரும் அவளுக்கு அத்துப்படி. யார் பருப்பும் அவளிடம் வேகாது. இறங்கி ஓடப் பார்த்தால் லபக்கென்று மணிக்கட்டைப் பிடித்துவிடுவாள். "அக்கா பிடிச்சா, கையக் கழட்டி வச்சிட்டுத்தான் ஓடணும்" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். வலக்கையில் ஒரு மோதிரம். முதல் சம்பளத்தில் வாங்கியது, தலை சதுரமாக, கனமாக இருக்கும். கூட்டத்துக்குள் புகுந்து வரும்போது அது ஆட்களின் துணியில் மாட்டித் தொலைக்கிறதென்று, தலையை உள்ளங்கைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளும் பழக்கம். பெண் செக்கர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெறும் வளையம்தான் தெரியும். கல்யாண மோதிரமா என்று கேட்டால், "ஆமா, பஸ்ஸைக் கட்டிக்கிட்டேன்" என்பாள்.

இப்பேர்ப்பட்டவள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களோடு வேலை செய்வதற்கான ஓராண்டுப் படிப்பில் எதற்கு வந்து சேர்ந்தாள்? சேவை செய்யவா? சேவையாவது, மண்ணாவது! ஓர் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தாள்.

அவளுக்கு ஒரே தம்பி. முப்பத்தெட்டு வயது, நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். பிறவியிலிருந்தே குறைபாடு. பேச்சு மொத்தம் இரண்டு வார்த்தை: "போலாம்", "வேணாம்". அந்த இரண்டை வைத்துக்கொண்டே அவன் வீட்டை ஆட்டிப் படைத்தான். அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மா போனபின் அக்கா. உன் தலையில் விழுந்துவிட்டதே என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவர்களைக் கடித்துக் குதறிவிடுவாள். அவனை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? வீட்டுக்குள் நுழைந்ததும் "போலாம்" என்று அவன் சொன்னால் திரும்பவும் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவாள், கால் வலியோடு.

தினமும் காலையில் அவனைப் பஸ்ஸில் அழைத்துப் போய், பெரிய சாலையைக் கடந்து, எதிர்ப்புறம் இருக்கும் பகல் நேர மையத்தில் விடுவாள். நாலு மணிக்குத் திரும்ப அழைத்து வருவாள். அங்கே அவனைப் போல முப்பது பேர். ஆஸ்பத்திரிகளிலிருந்து வெளுத்து வரும் துண்டுகளை மடித்து அடுக்கும் பிரிவில் அவன் இருந்தான். துண்டு மடிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாலு முனையும் ஒட்டாவிட்டால் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவன் சட்டையை மாற்றும்போதுதான் அதைப் பார்த்தாள். இடது மணிக்கட்டில் கன்றிப்போன தடம். மூன்று விரல் நீளவாக்கில் பதிந்திருந்தது. நாலாவது விரல் இருக்க வேண்டிய இடத்தில், சின்னதாக, சதுரமாக ஒரு நீலம்.

"யாருடா பண்ணினது? அக்காகிட்ட சொல்லு, என் கண்ணுல்ல."

"வேணாம்" என்று அவன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அடப்பாவிகளா, எப்படி மிரட்டி வைத்திருந்தால் இப்படி ஒளிப்பான்! மறுநாள் மையத்துக்குப் போய் அத்தனை பேர் கையையும் நோட்டம் விட்டாள். சமையல்காரி கையில் கண்ணாடி வளையல். தோட்டக்காரர் கையில் மண். சதுரமாக ஒரு பொருள் இருந்தது ஒரே ஒருவர் கையில்தான். துண்டுப் பிரிவின் உதவியாளர், சதுர முகம் வைத்த வாட்ச் கட்டியிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஓட்டல் சமையலறையில் கிடந்துவிட்டுப் பிறகு படித்து இந்த வேலைக்கு வந்தவராம். கேட்டால்தான் பதில், அதையும் எண்ணி நாலு வார்த்தையில் முடித்துவிடுவார். பேசாத ஆளை அவள் ஜென்மத்தில் நம்பியதில்லை. அன்றைக்கே அவருக்குக் கமுக்கம் என்று பேர் வைத்துவிட்டாள்.

மையத்தின் மேலாளரம்மாவிடம் போய்ச் சண்டை போட்டாள். மேலாளரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாட்ச் கட்டுற இடம் வேற, விரல் இருக்கிற இடம் வேறம்மா. அது எப்படிப் பதியும்?" என்றார்.

"அமுக்கிப் பிடிச்சா எல்லாம் பதியும்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்திருந்தா அவர் இப்ப நின்னுக்கிட்டு இருப்பாரா?"

"வெறும் சந்தேகத்துக்காக ஒருத்தரை நிறுத்த முடியாதும்மா. இது என்ன வேலைன்னு வெளியில இருக்கிறவங்களுக்குப் புரியாது. இதுக்குன்னே ஒரு வருஷம் காலேஜ்ல படிச்சிட்டு வராங்க."

"படிக்கிறவங்களை உள்ள விடுவீங்களா?"

"செய்முறைப் பயிற்சியே இங்கதானே."

அது போதாதா அவளுக்கு?

கல்லூரியில் பாடம் எடுத்த மேடத்துக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. குரலை உயர்த்தாமலே அதட்டத் தெரிந்தவர். முதல் வாரமே ஒரு நோட்டைக் கொடுத்து, பக்கத்துக்கு மூன்று கட்டம் போடச் சொன்னார். முன்னால் என்ன நடந்தது, பார்க்கப்படுகிறவர் என்ன செய்தார், பின்னால் என்ன நடந்தது. பேச முடியாத ஒருவர் திடீரென்று கையைக் கடித்துக்கொண்டாலோ தட்டைத் தள்ளிவிட்டாலோ, அதற்கான காரணம் பெரும்பாலும் முதல் கட்டத்தில்தான் இருக்கும் என்றார். பழக்கத்துக்காகக் கேன்டீனில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்ததை எழுதி வரச் சொன்னார்.

செக்கர் அக்கா நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். நோட்டு திரும்பி வந்தபோது சிவப்பு மையாக இருந்தது.

"'நீலச் சட்டைக்காரன் வரிசையில் நடுவே நுழையத் திட்டம் போட்டான்'னு எழுதியிருக்கீங்க. திட்டம் போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திருட்டு முழி முழிச்சானே மேடம்."

"அப்ப எந்தப் பக்கம் பார்த்தான்னு எழுதுங்க. திட்டத்தை எழுதாதீங்க. பார்த்ததுதான் நோட்டுல வரணும், நினைச்சது வரக் கூடாது."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரி மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முப்பது வயதுக்காரி, தையல் கடை வேலையை விட்டுவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தவள், நல்ல மாதிரி. செக்கர் அக்காவுக்கு மேடத்தின்மேலும் சந்தேகம் வந்துவிட்டது. கமுக்கமும் இந்தக் கல்லூரியில் படித்தவர்தானே, இந்தம்மாவும் அவர் கூட்டாளியாக இருந்தால்? அதைத் தையல்காரியின் காதில் சொல்லி, செல்போனில் எடுத்து வைத்திருந்த தம்பியின் மணிக்கட்டுப் படத்தையும் காட்டினாள். தையல்காரி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம்க்கா, இந்தச் சதுரம் என்னக்கா?" என்றாள்.

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறேன்" என்றாள் செக்கர் அக்கா. சொல்லும்போது மோதிரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள், அது அவளுக்கு நினைவே இல்லை.

மூன்றாம் மாதம் செய்முறைப் பயிற்சி தொடங்கியது. சொந்தக்காரர் இருக்கும் பிரிவில் பயிற்சி எடுக்கக் கூடாது என்பது விதி. அவளைத் தோட்டப் பிரிவில் போட்டார்கள். நல்லதாகப் போயிற்று. தோட்டத்துக் குழாயடியில் நின்றால் துண்டு அறையின் ஜன்னல் நேரே தெரியும். அந்த மாதம் அங்கே ரோஜாச் செடிகள் தண்ணீரில் மூழ்கிப் போனது அதனால்தான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முதல் நாளே ஒன்று கிடைத்தது. கமுக்கம் வேலை தொடங்குமுன் வாட்ச்சைக் கழற்றி அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். ஆஹா! புகார் போன விஷயம் தெரிந்துவிட்டது, தடயத்தை மறைக்கிறார். பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டாள். பிறகு அடிக்கோட்டை அடித்தாள், மேடம் பார்த்தால் கேட்பாரே.

அப்புறம் அவர் செய்ததுதான் அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தம்பிக்கு எதிரே உட்கார்ந்து, தன் கையை மேஜையில் மல்லாத்தி வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஐந்து நிமிஷம். தம்பி அந்தக் கையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், துண்டை எடுத்தான், மடித்தான். மறுநாளும் அதே கூத்து. என்ன மந்திரம் போடுகிறான் மனுஷன் என்று குழாயடியில் நின்று பல்லைக் கடித்தாள். ஏழாம் நாள் தம்பி ஒரு விரலை அந்தக் கையில் வைத்து எடுத்தான். கமுக்கம் பிடிக்கவில்லை. "போலாமா?" என்று மட்டும் கேட்டார். இருவரும் எழுந்து தேநீர் குடிக்கப் போனார்கள். பதினோரு நாள் எழுதினாள். ஓர் அதட்டல் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. இவ்வளவு ஒழுங்காக ஒருவன் இருக்கிறான் என்றால் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்துதான் இருக்கிறான் என்று முடிவு கட்டினாள். சந்தேகம் பிடித்துவிட்டால் நல்லதுகூட உறுத்தத்தான் செய்யும்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் தடம் மறுபடி வந்தது. அதே மூன்று விரல், அதே சதுரம்.

இந்த முறை அவள் சத்தம் போடவில்லை. படம் எடுத்தாள், தேதி போட்டாள், எழுத்தில் புகார் கொடுத்தாள், மேலிடத்துக்கும் ஒரு நகல் அனுப்பினாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கமுக்கத்திடம் சொல்லிவிட்டார்கள். அவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து வாட்ச்சை எடுத்துக்கொண்டு, தோட்டத்தின் வழியாகப் போனார். போகிற போக்கில் குழாயை மூடினார். "தண்ணி போயிட்டே இருக்கு" என்றார். அவ்வளவுதான். மாட்டிக்கொண்டவன் முகத்தில் ஈயாடாது என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அந்த முகத்தில் அப்படி ஒன்றும் தெரியாதது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

அவர் போன பிறகு தம்பி துண்டைத் தொடவில்லை. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சாலையையே பார்த்தான். மத்தியானம் கையைக் கடித்துக்கொண்டான். பயம் இன்னும் தெளியவில்லை, பாவம் என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள். ஆனால் நோட்டில் எழுதும்போது முதல் கட்டத்தில் "உதவியாளர் வரவில்லை" என்று எழுத வேண்டி வந்தது. எழுதிவிட்டு நோட்டை மூடி வைத்தாள்.

விசாரணை வெள்ளிக்கிழமை என்று இருந்தது. அதற்கு முந்தின புதன்கிழமை கல்லூரியில் கை கொடுத்து அழைத்துப் போவது பற்றிப் பாடம்.

"நாம அவங்களைப் பிடிக்கக் கூடாது" என்றார் மேடம். "நம்ம கையை மல்லாத்தி நீட்டணும், காத்திருக்கணும். அவங்க வச்சாங்கன்னா சரி. வேணாம்னா எடுத்துக்கட்டும். மணிக்கட்டை வளைச்சுப் பிடிச்சிட்டா அவங்களால எடுக்க முடியாது. வாயால வேணாம்னு சொல்ல முடியாதவங்க கையாலயும் சொல்ல முடியாமப் போயிடும்."

மல்லாத்தி வைத்த கை. செக்கர் அக்காவுக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து, "ரோட்டுல லாரி வருது. கையை நீட்டிக்கிட்டு நின்னா ஆள் காலிதானே மேடம்?" என்று கேட்டாள்.

"லாரி வந்தா இழுங்க. லாரி வராதப்போ?"

எல்லாரும் சிரித்தார்கள். இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள மற்றவர் முற்றத்தைக் கடந்து அழைத்துப் போக வேண்டும். தையல்காரி கண்ணைக் கட்டிக்கொண்டாள். அக்கா கையை மல்லாத்தி நீட்டினாள், தையல்காரி கையை வைத்தாள், பாதித் தூரம் ஒழுங்காகத்தான் போனார்கள். அப்போது புத்தகக் கட்டு ஏற்றி வந்த வேன் ஒன்று முற்றத்தின் அந்தக் கோடியில் பின்பக்கமாக நகர்ந்தது. நகர்ந்தது, அவ்வளவே. இவர்களுக்கும் அதற்கும் ஏகப்பட்ட தூரம். ஆனால் அக்காவின் கை அவளைக் கேட்காமலே பாய்ந்து தையல்காரியின் மணிக்கட்டைப் பிடித்தது, தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தியது.

"அக்கா, விடுங்க! வலிக்குதுக்கா! விடுங்க!"

வகுப்புக்குத் திரும்பி உட்கார்ந்தபின் தையல்காரி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். சிவந்திருந்தது. மூன்று விரல் நீளவாக்கில். நாலாவது இடத்தில், சின்னதாக, சதுரமாக.

இருவரும் ஒரே சமயத்தில்தான் பார்த்தார்கள். தையல்காரி நிமிர்ந்து அக்காவின் வலக்கையைப் பார்த்தாள். அக்கா விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"என்ன?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

தையல்காரி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வகுப்பு முடியும்வரை வெளியே எடுக்கவில்லை.

செக்கர் அக்கா கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு மோதிரத்தைப் பார்த்தாள். உள்ளங்கைப் பக்கம் அந்தச் சதுரத் தலை பளபளவென்று இருந்தது. இருபத்தாறு வருஷம் எத்தனை பேர் கையைப் பிடித்தாள், ஒருவனாவது இதைச் சொன்னானா? டிக்கெட் இல்லாமல் மாட்டியவன் மணிக்கட்டு வலிக்கிறது என்றா புகார் கொடுப்பான்? சோப்புப் போட்டுக் கழற்றப் பார்த்தாள். விரல் பெருத்துப் போயிருந்தது, மோதிரம் அசையவில்லை.

நாலு மணிக்கு மையத்துக்குப் போனாள். கேட் பக்கத்துப் பெஞ்சில் தம்பி இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான், முகம் மலர்ந்தது, கூடவே இடது கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. மூன்று மாதமாகத் தினமும் நாலு மணிக்கு அந்தக் கை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அவளும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே இருக்கும் யாருக்கோ பயந்து ஒளிக்கிறான் என்று நினைத்தாளே தவிர, கை யாரைப் பார்த்ததும் போகிறது என்று ஒருநாளும் எழுதவில்லை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். முதல் தடம் திங்கட்கிழமை. இரண்டாவதும் திங்கட்கிழமை. பிடித்த இடம் கன்றி நீலமாக ஒரு நாள் ஆகும். அதற்கு முந்தின நாள் ஞாயிறு, மையம் விடுமுறை. ஞாயிறு என்றால் சந்தை. ஆறு வருஷத்துக்கு முன் அந்தச் சந்தைக் கூட்டத்தில் தம்பி கையை உருவிக்கொண்டு காணாமல் போனான். அரைமணி நேரம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து அங்கே போனால் அவன் மணிக்கட்டை விட்டதில்லை. அவன் "வேணாம்" என்பான், "இருடா, கூட்டமா இருக்கு" என்பாள். அந்த இரண்டு ஞாயிறுகளிலும் கூட்டம் அதிகம், பிடியும் அதிகம். எல்லாம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? தையல்காரி வாயைத் திறக்க மாட்டாள். கமுக்கத்தை வேறு எங்காவது மாற்றுவார்கள், அவர் பிழைத்துக்கொள்வார். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும், மூன்றாம் வாரமே அந்தப் பாடம் நடந்தது. வீட்டில் காயம் உண்டானால் வீட்டை விசாரிப்பார்கள். வேண்டுமென்றால் பாதுகாவலரிடமிருந்து பிரித்து விடுதிக்கு அனுப்புவார்கள். தம்பியை அனுப்பிவிட்டு அந்த வீட்டில் அவள் தனியாக என்ன செய்வாள்? வேணும்னு பண்ணலையே, கூட்டத்துல தவறிடுச்சு, கவனிக்கல, இனிமே பண்ணமாட்டேன். வரிசையாக வந்த சமாதானங்களைக் கேட்டதும் அவளுக்கே அருவருப்பாகிவிட்டது. டிக்கெட் எடுக்காதவன் ஒவ்வொருவனும் அவளிடம் சொன்னது இதைத்தானே! ஒருவனையாவது அதைக் கேட்டு விட்டிருக்கிறாளா?

வெள்ளிக்கிழமை காலை மேலாளரம்மாவின் அறையில் ஐந்து நாற்காலி போட்டிருந்தார்கள். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி, மேலாளரம்மா, கல்லூரி சார்பில் மேடம், ஓர் ஓரத்தில் கமுக்கம். செக்கர் அக்கா எதிரே நின்றாள். மேஜையில் அவள் எடுத்த படங்கள்.

"உட்காருங்கம்மா. இந்தக் காயம் எப்படி வந்ததுன்னு நீங்க நேர்ல பார்த்தீங்களா?" என்றார் அதிகாரி.

"பார்த்தேன் சார்."

கமுக்கம் தலையை நிமிர்த்தினார்.

"யாரைப் பார்த்தீங்க?"

அவள் உட்காரவில்லை. வலக்கையை மல்லாத்தி மேஜையில் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதைப் பாருங்க சார். ஞாயித்துக்கிழமை சந்தையில நான்தான் பிடிச்சேன். ரெண்டு தடவையும் நான்தான். எனக்கே தெரியாது, ஆனா நான்தான். அவர் ஒண்ணும் பண்ணல."

அதிகாரி படத்தைத் தூக்கி மோதிரத்தருகே வைத்துப் பார்த்தார், பிறகு எழுதத் தொடங்கினார். பேனா காகிதத்தில் போகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. எத்தனை பேரைப் பற்றி இப்படி எழுதியிருப்பாள்! முதல் தடவையாக எதிர்ப்பக்கம் நிற்கிறாள்.

அதிகாரி கமுக்கத்தின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இவங்க மேல எப்பவாவது சந்தேகம் வந்துச்சா?"

"வந்துச்சு சார். காலையில தம்பியை எப்படிப் பிடிச்சிக்கிட்டு ரோட்டைத் தாண்டுறாங்கன்னு பார்ப்பேன். மோதிரம் திரும்பியிருக்கிறது எனக்குத் தெரியாது. ஆனா சந்தேகம் இருந்துச்சு."

"ஏன் எழுதிக் குடுக்கல? உங்க வேலையே போற நிலைமையில இருந்தீங்களே."

"அடையாளம் விழுந்ததை நான் பார்க்கல சார்" என்றார். "பார்க்காததை எப்படி எழுதறது?"

"எழுத வேணாம். வாயைத் திறந்து எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல? அதுவும் உங்க வேலைதான்" என்று அதிகாரி அவரையும் கடிந்துகொண்டார். கமுக்கம் சரி என்று தலையாட்டினார்.

செக்கர் அக்காவுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. அவளும் சந்தேகப்பட்டாள், அவரும் சந்தேகப்பட்டார். அவள் வாட்ச்சைப் பார்த்து ஒரு மனுஷனின் வேலையைப் பறிக்கப் பார்த்தாள். அவர் வேலையே போனாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டு, தம்பிக்குக் கை கொடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு வெட்கத்தை அவள் அதுவரை பட்டதில்லை. "என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். அவர் "தம்பி துண்டு மடிக்கிறானா?" என்று கேட்டார்.

முடிவை அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். தம்பி அவளோடு இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள். பயிற்சியை அவள் முதல் நாளிலிருந்து மறுபடி செய்ய வேண்டும்.

"எந்த நாள் வருவோம்னு முன்கூட்டிச் சொல்ல மாட்டோம்" என்றார் அதிகாரி.

"சொல்லிட்டு வந்தா அது செக்கிங்கே இல்லையே சார்" என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள், அழுகைதான் வந்தது.

அன்று மாலையே ஆசாரியிடம் போய் மோதிரத்தை வெட்டி எடுத்தாள். மறுநாளிலிருந்து சாலையோரம் நின்று கையை மல்லாத்தி நீட்டினாள். தம்பி அதைப் பார்ப்பான், "வேணாம்" என்பான், கை முதுகுக்குப் பின்னால் போகும். பாதசாரி விளக்கு பச்சையாகும், சிவப்பாகும், மறுபடி பச்சையாகும். மற்றவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். கடைசியில் அவன் அவளுடைய கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டு வருவான். சந்தைக்குப் போவதை அவள் விட்டுவிட்டாள். ஒரு கை ஓயாமல் துறுதுறுக்கும், எங்கே தன்னையும் மீறிப் பாய்ந்துவிடுமோ என்று அதை மற்றக் கையால் பிடித்துக்கொள்வாள். தன்மேலேயே சந்தேகப்படுவது எவ்வளவு களைப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. கமுக்கம் கேட்டில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐந்து வாரம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தம்பி அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தான். மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்துக் கிடந்த வளையத்தை விரலால் தடவிப் பார்த்தான். விளக்கு பச்சையானது. அவன் அவளுடைய மணிக்கட்டை லபக்கென்று பிடித்தான். அப்பா, என்ன பிடி! எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்தது. "போலாம்" என்று அவளை இழுத்துக்கொண்டு நடந்தான். சாலையின் நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்தபோது பிடி இன்னும் இறுகியது. வலி தாங்காமல் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் விடு என்று சொல்லவில்லை.

கேட்டுக்கு வந்ததும் விட்டான், நேரே துண்டு அறைக்குப் போய்விட்டான். அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். நாலு விரலும் பளிச்சென்று பதிந்திருந்தன. கமுக்கம் அந்தக் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"இதை நீங்க பார்த்தீங்கல்ல?" என்றாள் அவள். "எழுதிக்கோங்க. முன்னால என்ன நடந்ததுங்கிற கட்டத்தையும் விடாம எழுதுங்க. அவனுக்கு இப்படிப் பிடிக்கக் கத்துக்குடுத்தது நான்தான்."